நந்தி மலைக் காட்டில் ஒரு காலை நடை

மலை என்றவுடன் நம் தொம்மலூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு நினைவில் வருவது உதகை. அதை விட்டால் கொடைக்கானல், சேலத்தாராயின் ஏற்காடு. இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் விடுமுறை வேண்டும், தங்கும் இடம் வேண்டும், பொருட்செலவும் சிறிதன்று. ஆகவே, "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று தள்ளிவைத்துப் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட இல்லங்களும் நம்மிடையே உண்டு. நம் நகரிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்த் தொலைவில், விடியற்காலையில் புறப்பட்டால் பிற்பகலில் வீடு திரும்பக்கூடிய மலை ஒன்று காட்டைத் தலையில் சுமந்து நிற்கிறது. அதுவே நந்தி மலை.

நந்தி மலையைப் பார்க்காத பெங்களூர்வாசி யார் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். உண்மைதான், பார்த்தவர் பலர். கதிரவன் எழும் காட்சிக்காக இருட்டிலேயே சென்று, கூட்டத்தில் நின்று, படம் எடுத்துக்கொண்டு, தேநீர் அருந்தித் திரும்புபவர்களே அவர்களுள் பெரும்பாலோர். மலையைக் கண்டார்கள், மலைமேல் இருக்கும் காட்டைக் கண்டவர் சிலரே. இக்கட்டுரை அந்தக் காட்டைப் பற்றியது. அதற்கப்பால், அம்மலையைச் சுற்றிப் பிறக்கும் ஆறுகளைப் பற்றியது. அவ்வாறுகள் நமக்கு அயலானவை அல்ல என்பதைப் பின்னர்க் காண்போம்.

தொம்மலூரிலிருந்து செல்வோர் ஹெப்பாள் வழியாக வடக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையைப் பற்றவேண்டும். விமான நிலையத்தைக் கடந்தால் தேவனஹள்ளி. திப்பு சுல்தான் பிறந்த ஊர். அதன் பழைய கோட்டைச் சுவர் இன்றும் நிற்கிறது. அதற்கப்பால் சிறிது தொலைவு சென்று நந்திக்குத் திரும்பவேண்டும். சொந்த வண்டி இல்லாதவர்கள் மெஜஸ்டிக் நிலையத்திலிருந்து பேருந்தில் செல்லலாம். மலையுச்சி வரை தார்ச்சாலை உண்டு. கால் வலிமை உள்ள இளைஞர்கள் சுல்தான்பேட்டையிலிருந்து பழைய படிக்கட்டு வழியே ஏறலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். பாட்டியையும் கைக்குழந்தையையும் அழைத்துச் செல்லும் குடும்பத்தார் அந்த ஆசையை அடக்கிக்கொண்டு சாலை வழியே செல்வதே நன்று. சனி, ஞாயிறுகளில் வண்டிகள் மலையடியிலேயே வரிசையில் நிற்கின்றன. வார நாளில் ஒரு விடுமுறை கிடைத்தால் அதனை இதற்கென்று ஒதுக்குவதில் தவறில்லை. மலைச்சாலை மழையில் சரிந்து மூடப்பட்ட காலமும் உண்டு. 2021 ஆகஸ்டில் அவ்வாறு நேர்ந்தது. ஆதலின் அடைமழைக் காலத்தில் விசாரித்துக்கொண்டு கிளம்புக.

மலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர்; பழைய கணக்கில் 4,851 அடி. நாம் வாழும் பெங்களூரே மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால், நகரத்தைவிட இம்மலை இரண்டாயிரம் அடிக்குச் சற்றுக் குறைவாகவே உயர்ந்து நிற்கிறது. இந்தச் சிறு வேறுபாடு என்ன செய்துவிடும் என்று நினைக்கலாகாது. சுற்றிலும் பல கல் தொலைவுக்கு வறண்ட மேட்டுநிலம்: கேழ்வரகு வயல், திராட்சைத் தோட்டம், கற்பாறை, முட்புதர். அதன் நடுவே இம்மலை தனித்து நிற்கிறது. காற்றில் மிதந்து வரும் மேகம் தடுத்து நிறுத்த வேறொன்றும் இல்லாமல் இதன்மீது வந்து முட்டுகிறது. முட்டிய மேகத்தின் நுண்துளிகள் மரத்தின் இலைகளில் படிகின்றன, ஒன்றோடொன்று கூடிப் பெருந்துளியாகின்றன, பிறகு சொட்டுகின்றன. மழை பெய்யாத காலையிலும் மரத்தடி நனைந்திருப்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பார்கள். "மழை பெய்ததா, அம்மா?" என்று கேட்டால், "இல்லை, மரமே மழையைப் பிடித்துத் தந்தது" என்று விடை சொல்லலாம். அது கதையன்று, அறிவியல் கூறும் உண்மை.

இவ்வாறு மரங்கள் தாமே சேர்த்துக்கொண்ட ஈரத்தில்தான் உச்சியிலுள்ள காடு வாழ்கிறது. பாசி படர்ந்த அடிமரங்கள், கிளைகளில் தொற்றி வளரும் சிறு செடிகள், பாறை இடுக்கில் பெரணிகள், அடர்ந்த கீழ்ப்புதர்கள் என்று மலைநாட்டுச் சோலையின் சாயல் அதற்கு உண்டு. மலையடியில் வெயிலில் வதங்கிய புதரைப் பார்த்துவிட்டு, அரைமணி நேரத்தில் இந்த ஈரக் காட்டுக்குள் நுழைபவர் வியக்காமல் இரார்.

வாயிலைக் கடந்தபின் வண்டியை விட்டுவிட்டு நடக்கவேண்டும். நடை கடினமானதன்று. பெரும்பகுதி சமதளம், சில இடங்களில் மட்டும் படிகள். குழந்தைகளும் முதியோரும் உடன்வர, ஆங்காங்கே நின்று நின்று சென்றாலும் இரண்டு மணி நேரத்தில் உச்சியைச் சுற்றிவிடலாம். பலரும் நேராகத் திப்புவின் வீழ்வு என்னும் பாறை விளிம்புக்கே விரைகிறார்கள். கைதிகளை அங்கிருந்து உருட்டிவிட்டார்கள் என்று சொல்லப்படும் கதை பிள்ளைகளைக் கவரும். அது இருக்கட்டும், முதலில் அமிர்த சரோவரம் என்னும் குளத்துக்குச் செல்லுங்கள். நாற்புறமும் படிகள் இறங்கும் அழகிய குளம், ஊற்றுநீரால் நிறைவது. மலைமேல் கோட்டை கட்டியவர்களுக்குத் தேவைப்பட்டது மதிலைவிட முதலில் தண்ணீர்தான் என்பது அதன் கரையில் நின்றால் விளங்கும்.

அக்கோட்டையைப் பலப்படுத்தியவர்கள் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும். எவராலும் ஏறமுடியாதது என்று எண்ணப்பட்ட அதனை, 1791 அக்டோபர் 19 அன்று கார்ன்வாலிஸ் பிரபுவின் படை இரவில் தாக்கிக் கைப்பற்றியது. பிறகு வெள்ளையர்க்கு இது போர்க்களம் என்ற நிலை மாறிக் கோடை வாசத்தலம் ஆயிற்று. மைசூர் கமிஷனராக இருந்த மார்க் கப்பன் இங்கே ஒரு மாளிகை கட்டிக்கொண்டார். இப்போது அதன் பெயர் நேரு நிலையம். உடல் நலிந்திருந்த காந்தியடிகள் 1927-இல் பல வாரங்கள் இம்மலையில் தங்கி ஓய்வெடுத்தார். 1936-இலும் மீண்டும் வந்து தங்கினார். நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கும் காந்தியடிகள் உலாவிய மரநிழல் இதுவே என்று காட்டுவதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மலையில் நெடிதுயர்ந்து வெண்பட்டையோடு நிற்கும் தைல மரங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் தைல மரம் முதன்முதலாக நடப்பட்டது இம்மலையில்தான் என்றும், ஏறத்தாழ 1790-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து விதை வருவித்துத் திப்பு தம் தோட்டத்தில் நட்டார் என்றும் வனநூல்கள் எழுதுகின்றன. ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயர் குடியேறியதே 1788-இல்தான். இரண்டாண்டுக்குள் அங்குள்ள விதை மைசூர் மன்னர் கைக்கு வந்ததென்றால் அது கப்பல்களின் விரைவையோ மன்னரின் ஆர்வத்தையோ காட்டுகிறது. எவ்வாறாயினும், பின்னாளில் அம்மரம் இவ்வட்டாரத்தில் ஏரிக்கரை, புறம்போக்கு, வயல் என்று பார்க்காமல் பரவியது. வேரால் நிலத்தடி நீரை மிகுதியாக உறிஞ்சுகிறது என்ற குற்றச்சாட்டும் கூடவே வளர்ந்தது. 2017-இல் கர்நாடக அரசு புதிதாகத் தைல மரம் நடுவதையே தடை செய்தது. மரத்தின்மேல் பழி சொல்லிப் பயனில்லை. எங்கே நடவேண்டும் என்று அறியாமல் நட்டவர் மனிதர்.

பறவைகளைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்லவேண்டும். நீலகிரிக் காட்டுப்புறா என்றொரு பறவை உண்டு. சாம்பல் தலையும், கழுத்தின் பின்புறத்தில் சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் உடையது. மேற்குத் தொடர்ச்சி மலைகளின் சோலைக்காடுகளே அதன் தாயகம். வறண்ட சமவெளியில் அது வாழாது. அப்படியிருக்க, அந்த மலைகளிலிருந்து வெகு தொலைவில், நடுவே வறண்ட நிலம் கிடக்க, நந்தி மலையுச்சியில் மட்டும் அப்புறாக்களின் சிறு கூட்டம் ஒன்று வாழ்ந்துவருகிறது. கடல் நடுவே தீவு இருப்பதுபோல் வறட்சியின் நடுவே இக்காடு ஒரு தீவு. காடு சுருங்கினால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. ஊரைவிட்டு வந்து வேறொரு நிலத்தில் வேரூன்றி வாழும் நமக்கு அப்புறாவின்பால் சிறிது பரிவு எழுவது இயல்பே.

காட்டுக்குள் புறாவென்றால், பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. நம் செஞ்சிக் குன்றுகளிலும் உண்டு. மார்கழி, தைக் குளிரில் இமயமலைப் பக்கத்திலிருந்து வலசை வரும் சிறு பறவைகளும் இக்காட்டில் தங்கிச் செல்கின்றன. நீண்ட வெள்ளை வாலை நாடாப்போல் இழுத்துப் பறக்கும் அரசவால் ஈப்பிடிப்பானைக் கண்டுவிட்டால் பிள்ளைகள் அன்றைக்கு வேறெதையும் கேட்கமாட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னர், கூட்டம் சேராத பாதையில், பேச்சைக் குறைத்துக்கொண்டு நடந்தால் இவற்றைக் காணலாம். வானொலிப் பெட்டியைப்போல் கைப்பேசியில் பாட்டு முழங்கிக்கொண்டு செல்பவர்க்குக் குரங்கு மட்டுமே கிடைக்கும்.

குரங்குகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. தலையில் குல்லாய் வைத்ததுபோல் மயிர் வளர்ந்த நம் நாட்டுக் குரங்குகள் அங்கே ஏராளம். வருவோர் போட்டுக் கெடுத்த பழக்கத்தால் கையிலிருக்கும் பையைப் பிடுங்கும் துணிவு பெற்றுவிட்டன. புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிச் செல்வோர் மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் எடுத்துச் செல்க. திறந்த வெளியில் பிரித்து உண்ணவேண்டா. நெகிழித் தாளும் புட்டியும் மலைமேல் விடப்படுவதால் காட்டுக்கு நேரும் கேட்டை ஒவ்வொருவரும் நேரில் காண்கிறோம். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒரு பிள்ளையிடம் ஒப்படைத்துப் பாருங்கள். பெரியவர்களைவிடக் கண்டிப்பாக அதனைச் செய்து முடிக்கும். மெல்லிய கம்பளி ஆடை ஒன்றும் வழுக்காத காலணியும் வேண்டும். வேறு ஆயத்தம் எதுவும் தேவையில்லை.

இனி ஆறுகளுக்கு வருவோம். உச்சியில் யோக நந்தீசுவரர் கோயிலருகே நின்று நாற்புறமும் நோக்கினால் சென்னகிரி, ஸ்கந்தகிரி, பிரம்மகிரி முதலிய குன்றுகள் சுற்றிலும் தெரியும். பார்ப்பதற்குத் தரிசான பாறைக் குன்றுகள். ஆனால் தென்னகத்தின் ஆறுகள் பல இக்குன்றுகளின் சரிவுகளிலும் இவற்றை அடுத்த மேட்டிலும்தான் பிறக்கின்றன. வடபெண்ணை இங்கே தோன்றி வடக்கே ஆந்திரத்துக்குச் சென்று நெல்லூர் அருகே கடலில் கலக்கிறது. சித்ராவதியும் பாபக்னியும் தோன்றி அதனோடு சேர்கின்றன. அர்க்காவதி மேற்குச் சரிவில் தோன்றித் தெற்கே ஓடிக் கனகபுரத்துக்கப்பால் காவிரியில் விழுகிறது. தென்பெண்ணை சென்னகேசவ மலைப்பக்கம் தோன்றி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சாத்தனூர் அணையை நிறைத்துக் கடலூருக்கருகே கடலை அடைகிறது. பாலாறு கிழக்கு மேட்டில் தொடங்கி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், காஞ்சிபுரத்துப் பக்கம் எல்லாம் கடந்து செல்கிறது. அதன் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில்.

நம் தொம்மலூரிலும் அல்சூரிலும் கோரமங்கலத்திலும் வாழும் தமிழரிற் பலருடைய சொந்த ஊர் எது? வேலூர், திருப்பத்தூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று அடுக்கலாம். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்கள், பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழாவுக்குத் தை மாதத்தில் வண்டிகட்டிச் சென்றவர்கள் நம் தாத்தா பாட்டிமார். அவர்கள் பிழைப்புக்காக ஆற்றின் வழியே எதிர்த்திசையில் நடந்து வந்து, அந்த ஆறு பிறக்கும் மேட்டிலேயே குடியேறிவிட்டார்கள். பெங்களூரில் பிறந்து கன்னடமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் பேரப்பிள்ளைக்கு, "உன் பாட்டி ஊர் ஆறு அதோ அந்தக் குன்றுகளின் பக்கத்தில்தான் பிறக்கிறது" என்று காட்டினால் அது எந்தப் பாடத்துக்கும் குறைந்ததன்று. பாட்டியையே உடன் அழைத்துச் சென்று அவர் வாயால் சொல்லச் செய்வது இன்னும் சிறப்பு.

பிறப்பிடம் என்றவுடன் பாறை பிளந்து நீர் கொட்டும் என்று எதிர்பார்த்துச் செல்லவேண்டா. மழைக்காலத்தில் சரிவில் இறங்கும் சிற்றோடைகள், அவை நிறைக்கும் ஏரிகள், ஏரி நிறைந்து வழிந்து அடுத்த ஏரி என்று சங்கிலித் தொடராகவே ஆறு உருவாகிறது. நம் முன்னோர் ஏரிகளை அவ்வாறுதான் அமைத்தனர். ஏரியின் வரவுக்கால் அடைபட்டாலோ, கல்குவாரிக்காகக் குன்று வெட்டப்பட்டாலோ, ஆழ்குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரை வறட்டினாலோ சங்கிலி அறுகிறது. அர்க்காவதிக்கு நேர்ந்தது இதுவே. 1894-இல் அதன் குறுக்கே ஹெசரகட்டா ஏரி விரிவாக அமைக்கப்பட்டது. அங்கிருந்துதான் குழாய்வழிக் குடிநீர் முதன்முதலாகப் பெங்களூருக்கு வந்தது. அது போதாமல் 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. ஆக, 1974-இல் காவிரி நீர் வரும்வரை இந்நகரின் தாகத்தைத் தணித்ததில் பெரும்பங்கு நந்தி மலையில் பிறந்த ஆற்றினுடையது. பின்னர் அவ்வாறு வற்றிப்போயிற்று; ஹெசரகட்டா மழை மிகுந்த ஆண்டுகளில் மட்டும் நீர் காண்கிறது. நகரம் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரியை மேட்டுக்கு ஏற்றிக் குடிக்கிறது.

தென்பெண்ணையின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. மலையில் பிறந்து தெற்கே வரும் அவ்வாறு பெங்களூரின் கிழக்கே செல்கிறது. நம் தொம்மலூர்த் தெருக்களின் மழைநீரும், வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரும் எங்கே போகின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கோரமங்கலம், சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியே பெல்லந்தூர் ஏரிக்கு, அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கு, வர்த்தூரிலிருந்து தென்பெண்ணைக்கு. எல்லையைத் தாண்டியவுடன் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை. 2015 மே, 2017 பிப்ரவரி, 2018 சனவரி ஆகிய மாதங்களில் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்ததை நாடே பார்த்தது. ஏரியில் பொங்கிய வெண்ணுரை சாலையில் பறந்தது. அதே நுரை கெலவரப்பள்ளி மதகுகளிலும் ஆண்டுதோறும் பொங்கி, ஓசூர் வட்டாரத்து உழவர்களின் வயல் நீரிலும் கலந்தது. 2018 முதல் கழிவுநீரின் ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு ஏற்றி அனுப்பப்படுகிறது. அது நல்ல முயற்சியே. ஆயினும் நாம் துணி துவைத்த சவர்க்கார நீர், பெற்றோரின் ஊருக்குப் போகும் ஆற்றையே அடைகிறது என்ற செய்தி மாறவில்லை.

வண்டியில் திரும்பும்போது நந்தி கிராமத்துப் போக நந்தீசுவரர் கோயிலுக்குச் செல்லாமல் வரலாகாது. உச்சியில் துறவுக் கோலத்து யோக நந்தி. அடிவாரத்தில் இல்லறக் கோலத்துப் போக நந்தி. கோயில் ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமை உடையது, கி.பி. 806-ஆம் ஆண்டுச் சாசனம் இதனைக் குறிக்கிறது. வாணர், நுளம்பர், சோழர், போசளர், விசயநகரத்தார் என்று ஆண்டவர் யாவரும் ஏதேனும் ஒன்றைச் சேர்த்துச் சென்றிருக்கின்றனர். சோழர் காலத்தில் கோலார் வட்டாரத்துக்கு நிகரிலி சோழ மண்டலம் என்று பெயர். நம் தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயில் சுவரிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன; நம் ஊரைத் தேசிமாணிக்கப் பட்டணம் என்று அவை குறிக்கின்றன. போக நந்திக் கோயிலின் தூண் மண்டபத்தைக் கண்டு திரும்பியவர்கள், வீட்டுக்கருகிலுள்ள அந்தக் கல்வெட்டுகளையும் ஒரு மாலைப்பொழுதில் சென்று பார்க்கலாம்.

போக நந்திக் கோயிலின் வடபுறத்தில் சிருங்கி தீர்த்தம் என்னும் பெரிய குளம் உண்டு. சுற்றிலும் மண்டபங்களும் படிக்கட்டுகளும் கட்டப்பட்ட பேரழகு வாய்ந்த குளம். தென்பெண்ணை ஊறும் இடம் இதுவே என்பது அவ்வூரார் நம்பிக்கை. நிலநூலார் வேறு இடத்தைக் காட்டுவர். அதனால் குளத்தின் சிறப்புக் குறையவில்லை. பகல் வெயிலிலும் அதன் மண்டபத்தில் குளிர்ச்சி இருக்கும். கட்டுச்சோறு மிச்சமிருந்தால் கோயிலுக்கு வெளியே மரத்தடியில் அமர்ந்து உண்ணலாம். அங்கே குரங்குகளின் தொல்லை மலைமேல் உள்ள அளவுக்கு இல்லை. மாலை நான்கு மணிக்குள் கிளம்பினால் ஹெப்பாள் மேம்பாலத்து நெரிசலுக்கு முன் வீடு வந்து சேரலாம்.